பெருச்சாளி தேடிய சனிக்கிழமை

எங்கள் நைனா எந்த முடிவையும் வாயால் எடுக்க மாட்டார், தாளில்தான் எடுப்பார். திருத்தணியில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் அவர் கணக்கு வாத்தியார். ஆடு வாங்கலாமா, வீடு மாற்றலாமா, என்னை எட்டாவதுக்கு மேல் படிக்க வைக்கலாமா, எதுவானாலும் பழைய பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில் நடுவே ஒரு கோடு இழுப்பார். இடது பக்கம் சாதகம், வலது பக்கம் பாதகம். ஒவ்வொரு காரணத்துக்கும் பத்துக்கு இத்தனை என்று மார்க் போடுவார். கூட்டிப் பார்த்து எந்தப் பக்கம் அதிகமோ அதுதான் முடிவு. ஆட்டுக்கு முப்பத்திரண்டு வந்தது, ஆடு வேண்டாம் என்பதற்கு முப்பது. ஆடு வந்தது. வந்த பத்தாம் நாள் கொடியில் காய்ந்த என் ஒரே பட்டுப் பாவாடையைத் தின்றது. ஆடு பாவாடை தின்னும் என்பதை அவர் எந்தப் பக்கத்திலும் எழுதியிருக்கவில்லை.

ஊர்க்காரர்கள் முடிவெடுக்கும் விதத்தைப் பார்த்தால் அவருக்கு இளக்காரம். பக்கத்து வீட்டில் கிணறு தோண்டும்முன் மலைக்கோயிலுக்குப் போய்ப் பூக்கட்டிப் பார்த்தார்கள். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் சாமி முன்னால் வைத்து ஒன்றை எடுத்துப் பிரிப்பது. வெள்ளை வந்தால் தோண்டலாம் என்று கேட்டுக்கொண்டார்கள், வெள்ளையே வந்தது. தோண்டினார்கள், பாறைதான் வந்தது. நைனா ஒரு மாதம் சிரித்தார். "தண்ணி கீதா பாறை கீதான்னு பூவுக்கு இன்னாம்மா தெரியும்?" என்று என்னிடம் கேட்பார். வேதக்கார வீட்டுப் பெண்ணாகிய நானும் சேர்ந்து சிரித்தேன்.

அவர் வாய் பொல்லாத வாய். பட்டப்பெயர் வைப்பதில் அவருக்கு ஈடு கிடையாது. ரயில்வே கேட்டில் ஒற்றைக் கால் கேட்மேன் ஒருவர் இருந்தார். ரயில் பெட்டிகளைக் கோக்கும் ஷண்டிங்கில் ஒரு கால் போனபின் ரயில்வேக்காரர்கள் அவருக்கு அந்த வேலையைக் கொடுத்திருந்தார்கள். கக்கத்தில் இரண்டு கட்டையை ஊன்றிக்கொண்டு வந்து கேட்டைச் சாத்துவார். ஒருநாள் நைனா மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனபோது, கேட்மேன் காதில் விழும்படியே கேட்டார்: "ரெண்டு கட்டை, ஒரு கால், கூட்டுனா எவ்ளோ?" பிள்ளைகள் "மூணு சார்!" என்று கத்தினார்கள். "அப்போ அதுக்குப் பேரு இன்னா?" "முக்காலி சார்!" ஒரு வாரத்தில் ஊர் முழுக்க அதுவே அவர் பெயராகிவிட்டது. நானும் அப்படித்தான் சொன்னேன். சிரிப்பாகத்தான் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

உலகச் சண்டை முடிந்த மறு வருஷம், ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம், நைனா புது பூட்ஸ் வாங்கினார். அதற்கும் தாள் போட்டார். பாதகப் பக்கம் கிட்டத்தட்ட காலியாக இருந்தது. இரண்டாம் நாளே குதிகாலைக் கடித்தது. காவடி எடுத்த கூட்டமெல்லாம் கொதிக்கிற படியில் வெறுங்காலோடு ஏறி இறங்கி, முழுக் காலோடு அவரவர் ஊருக்கு ரயிலேறியது. பூட்ஸ் போட்ட எங்கள் நைனாவுக்குத்தான் புண். அவருக்குச் சர்க்கரை வியாதி. மூன்று வாரத்தில் புண் குழிந்து, விரல்கள் ஒவ்வொன்றாகக் கருத்தன. வீட்டுக்குள் ஒரு வாடை வந்து உட்கார்ந்துகொண்டது.

அரக்கோணம் போய் வண்டி மாறி மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனோம், நைனாவும் அம்மாவும் நானும். டாக்டரம்மா காலை முகர்ந்து பார்த்தார். தொட்டதைவிட முகர்ந்ததுதான் அதிகம். பிறகு சுற்றி வளைக்காமல் சொன்னார்: "முழங்காலுக்குக் கீழ எடுத்துடணும் வாத்தியார். இப்போ எடுத்தா பொழைச்சிடுவீங்க. செவ்வாய்க்கிழமைய தாண்டாதீங்க. தாண்டுனா விஷம் மேல ஏறிடும், அப்புறம் என் கையில இல்ல." அன்று வியாழக்கிழமை. வீட்டில் ஏற்பாடு செய்துவிட்டு வருவதாக நைனா சொன்னார். ஏற்பாடு என்றால் என்ன என்று டாக்டரம்மா கேட்கவில்லை.

அந்த ஏற்பாடு நான்தான். செவ்வாய் தாண்டி வருகிற சனிக்கிழமை அரக்கோணத்திலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. மாப்பிள்ளைக்கு ரயில்வே பார்சல் ஆபீசில் கிளார்க் வேலை, குவார்ட்டர்ஸ் வீடு. எனக்குப் பத்தொன்பது முடிந்திருந்தது. அதற்குமுன் இரண்டு வீட்டார் வந்து பலகாரம் தின்றுவிட்டு, "பார்க்கலாம்" என்று சொல்லிப் போயிருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பார்க்கலாம் என்றால் இனிமேல் பார்க்க மாட்டோம் என்று அர்த்தம். சனிக்கிழமையைத் தள்ளிப்போட்டால் என்ன என்று இன்றைக்கு யாரும் சுலபமாகக் கேட்டுவிடலாம். தள்ளிப்போட வேண்டுமானால் அந்தப் 'பார்க்கலாம்' என்ற வார்த்தையை நாங்களே எழுதி அனுப்ப வேண்டும். அதற்கு எங்களில் ஒருவருக்கும் துணிச்சல் இல்லை.

மாப்பிள்ளையை நான் ஒரு ஜெபக் கூட்டத்தில் தூரத்திலிருந்து பார்த்திருந்தேன். அவர் தலை வகிடு எனக்குப் பிடித்திருந்தது. எண்ணெய் மினுங்க, கோடு போட்டதுபோல் நேராக இருந்தது. வகிட்டுக்காக ஒரு ஆளைப் பிடிக்குமா என்றால், பிடித்தது. மற்றக் காரணங்களையெல்லாம் பிறகு சேர்த்துக்கொண்டேன். சர்க்கார் சம்பளம், நல்ல குடும்பம், வீட்டில் குழாய்த் தண்ணீர். தாளில் எழுதினால் இவைதான் வரும், வகிடு வராது.

ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் கோயிலில் ஆராதனை முடிந்து வந்ததும் நைனா தாளை எடுத்தார். கட்டிலில் சாய்ந்து, காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துக்கொண்டு கோடு இழுத்தார். ஈ விரட்டுவதற்காக நான் பக்கத்தில் விசிறியோடு உட்கார்ந்திருந்தேன், அதனால் எழுதியதெல்லாம் எனக்குத் தெரிந்தது. இடது பக்கம் 'வெட்டு', வலது பக்கம் 'வெட்டாதே'. இடது பக்கம் முதல் வரி உயிர், அதற்குப் பத்து. குடும்பத்துக்கு ஒன்பது. உத்தியோகத்தை உட்கார்ந்துகொண்டே பார்க்கலாம் என்பதற்கு எட்டு. வலது பக்கம் முதல் வரி சனிக்கிழமை. அதற்கும் பத்து. உயிருக்கு மேலே போடுவதற்கு அவர் கணக்கில் மார்க் இல்லை, இருந்திருந்தால் போட்டிருப்பார். இரண்டு பக்கமும் இன்னும் சில சில்லறை வரிகள் எழுதி மார்க் போட்டார். கடைசி வரியாக வலது பக்கத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதினார். முக்காலி. அதற்கு மார்க் போடவில்லை.

கூட்டினார். முப்பத்தெட்டுக்குப் பதினாறு என்று வெட்டுதான் ஜெயித்தது. ஆட்டையே இரண்டு மார்க் வித்தியாசத்தில் வீட்டுக்கு ஓட்டி வந்த மனிதர் அவர். தாளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "ஒண்ணுக்கு மார்க் போடாம கெடக்குது. அத்த உட்டுட்டு கூட்டுனது செல்லாது" என்றார். பேனாவை மூடினார். தாளை நாலாக மடித்துத் தலையணைக்கடியில் வைத்தார். இந்த ஊரில் ஒரு ஆளை எப்படிக் கூப்பிடுவார்கள் என்று அவருக்குத் தெரியாதா? கூப்பிடச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான்.

திங்கட்கிழமை காலையில் அம்மா வாக்குத்தத்தப் பெட்டியைக் கொண்டுவந்தாள். சின்ன அட்டைப்பெட்டி. ஒரு மிஷனரி அம்மாள் ஊருக்குத் திரும்பும்போது அவளுக்குக் கொடுத்தது. உள்ளே சுருட்டிய சீட்டுகள், ஒவ்வொன்றிலும் கர்த்தர் மனிதருக்குக் கொடுத்த ஒரு வாக்கு. மனசு சரியில்லாத நாளில் ஒன்றை எடுத்துப் படித்து ஆறுதல் அடைவதற்காக வைத்தது. அம்மா அன்று கண்ணை மூடி ஜெபித்து, "செவ்வாய்க்கிழமை போவணுமா, இருக்கலாமா" என்று கேட்டு ஒரு சீட்டை எடுத்தாள். கால் தள்ளாடாமல் காப்பதைப் பற்றிய சீட்டு வந்தது. அம்மா அழுதேவிட்டாள். "கால்னே வந்துருக்குதுங்க! காலை காப்பாத்துவேன்னு வந்துருக்குது!"

அந்தப் பெட்டியில் நல்ல சீட்டைத் தவிர வேறு சீட்டே கிடையாது. வெட்டு என்றோ, போ என்றோ, செத்துப்போவாய் என்றோ அதற்குச் சொல்லத் தெரியாது. அதனிடம் போய் ஆமாவா இல்லையா என்று கேட்பது எங்கள் வீட்டில்தான் நடக்கும். பூப்பொட்டலத்திலாவது சிவப்பு என்று ஒன்று இருந்தது. நைனாவுக்கு இது தெரியாமல் இல்லை. சீட்டை வாங்கி இரண்டு தடவை படித்தார், சிரிக்கவில்லை, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அன்று மத்தியானம் அம்மா தண்ணீருக்குப் போயிருந்தபோது என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்கே போவட்டுமா, சனிக்கிழமை கழிச்சி போவட்டுமா? நீ சொல்லும்மா. உனக்காகத்தான் பாக்குறேன்."

அப்படிக் கேட்டது அநியாயம். இன்றைக்கும் அதற்காக அவர்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. தாள் சொன்ன பதிலும் பிடிக்கவில்லை, பெட்டி சொன்ன பதிலும் முழுசாக நம்பத் தோன்றவில்லை, ஆகவே பெற்ற பெண்ணின் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்தார். நான் "நாளைக்கே போங்க நைனா" என்றால் போயிருப்பார். அது எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

"அவுங்க வந்துட்டு போவட்டும் நைனா. நாலு நாளுதானே."

"ஆங், நாலு நாளுதானே" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி வந்தது. நான் அந்த வகிட்டை நினைத்துக்கொண்டே ஈ விரட்டினேன்.

செவ்வாய் போயிற்று. வியாழக்கிழமை கணுக்காலுக்கு மேலே கருத்தது. வெள்ளிக்கிழமை அவருக்குக் குளிர் கண்டு உதறியது. அம்மா பக்கத்து வீட்டில் சாம்பிராணி கடன் வாங்கி வந்து வீடெங்கும் புகை போட்டாள். சாம்பிராணி போடுகிறவர்களை அதுவரை அஞ்ஞானிகள் என்று சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். சனிக்கிழமை காலையில் நானும் அவளும் நைனாவைத் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தோம். காலில் துணி சுற்றி, அதன்மேல் ரப்பர் ஷீட் சுற்றி, முன்னால் மேஜையைப் போட்டு, தரைவரை தொங்கும்படி படுக்கை விரிப்பை மேஜைமேல் விரித்தோம். மேலே பார்த்தால் கோட்டும் டையும் போட்ட வாத்தியார்.

மத்தியான வண்டியில் வந்து, ஸ்டேஷனிலிருந்து ஜட்கா வண்டியில் வந்து இறங்கினார்கள். மாப்பிள்ளை, அவருடைய தாயார், கூட அவர்கள் சபை உபதேசியார். உபதேசியார் கூட்டங்களில் ஆரம்ப ஜெபத்தையே அரைமணி நேரம் இழுப்பவர். அன்று பாதியிலேயே இருமி, ஆமென் சொல்லிவிட்டார். சாம்பிராணியையும் மீறி அந்த வாடை வந்துகொண்டே இருந்தது. மாப்பிள்ளை கைக்குட்டையை எடுத்தார், மரியாதைக்காகத் திரும்பவும் பையில் வைத்தார்.

அம்மாதான் வாயைத் திறந்தாள். "பெருச்சாளிங்க. எங்கியோ செத்து கெடக்குது. ரெண்டு நாளா தேடுறோம், கெடைக்கல."

அத்தோடு விட்டிருந்தால் சரி. மாப்பிள்ளை நல்ல மனசோடு எழுந்தார். "இருங்க, நான் பாக்குறேன்" என்று கட்டிலுக்கடியில் குனிந்தார். மாப்பிள்ளை தேடும்போது உபதேசியார் சும்மா உட்கார முடியுமா? அவர் அரிசி மூட்டையை நகர்த்தினார். அம்மா அடுப்படிப் பானைகளை உருட்டினாள். இல்லாத பெருச்சாளியை மூன்று பேர் வீடு முழுக்கத் தேடினார்கள். நைனா நாற்காலியில் இருந்தபடியே, வகுப்பில் சொல்வதுபோல, "அந்தப் பெட்டிக்குப் பின்னாடி பாருங்க, பரண் மேல பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் நெற்றியிலிருந்து வேர்வை டைமேல் சொட்டியது.

எல்லா இடமும் பார்த்துவிட்டு மாப்பிள்ளை மேஜைப் பக்கம் வந்தார். குனிந்து விரிப்பின் ஓரத்தைப் பிடித்தார்.

"அங்க பாத்துட்டோம் தம்பி" என்றார் நைனா.

மாப்பிள்ளை விரிப்பைப் பிடித்தபடியே ஒரு கணம் நின்றார். பிறகு விட்டுவிட்டுக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். அந்த நேரம் நான் காபித் தட்டோடு வந்தேன். எனக்குச் சிரிப்பு வந்தது. கர்த்தர் சாட்சியாக, பயத்திலோ வேறு எதிலோ, அப்பட்டமான சிரிப்பு. அதை அடக்கி, புன்னகையாக்கி, ஒவ்வொருவருக்கும் காபி கொடுத்தேன். நைனாவுக்குக் கொடுக்கக் கிட்டே குனிந்தபோது அந்த வாடை முகத்தில் அறைந்தது. அப்போதும் சிரித்தபடியே இருந்தேன். மாப்பிள்ளையின் தாயார் மட்டும் இருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை. அவர் பெருச்சாளியைத் தேடவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். காபியைக் குடித்து முடித்து, "எங்களுக்குப் பொண்ணு புடிச்சிருக்குது" என்றார். பார்க்கலாம் என்று சொல்லவில்லை.

அவர்கள் போனபின் நைனா மேஜைமேல் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு, "இன்னா, கணக்கு சரியா வந்துச்சா?" என்றார். சந்தோஷமாக இருந்தார். நாற்காலியிலிருந்து தூக்கியபோது அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடி வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை முதல் வண்டிக்குக் கொண்டுபோனோம். டாக்டரம்மா திட்டவில்லை. சுவரில் மாட்டியிருந்த காலண்டரை ஒருமுறை பார்த்தார், அவ்வளவுதான். அன்றைக்கே தொடைவரை எடுத்தார்கள். செவ்வாய்க்கிழமை விடியும்முன் செத்துப்போனார். ஆக, காலும் போயிற்று, உயிரும் போயிற்று. அவர் தாளில் இப்படி ஒரு பத்தியே கிடையாது.

சவப்பெட்டியில் வைக்கும்போது அம்மா இரண்டு பூட்சும் போடவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். "ரெண்டு காலோடதான் போவணும். ஒருத்தரும் பேசக் கூடாது." கால்சட்டையின் ஒரு பக்கத்தில் வைக்கோல் திணித்து, நுனியில் பூட்சைச் செருகினோம். நான்தான் திணித்தேன். செத்தபின்னும் எங்களுக்கு ஊர் வாய்தான் பெரிதாக இருந்தது.

கல்லறைத் தோட்டத்துக்கு எடுப்பதற்குமுன் கேட்மேன் வந்தார். ரயில்வே கேட்டிலிருந்து எங்கள் தெருவரை கட்டையை ஊன்றியே நடந்து வந்திருந்தார், சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. பெட்டிக்குள் குனிந்து பார்த்தார். செத்தவன் பாதம் வெளிப்பக்கமாகச் சாயும். வைக்கோல் பாதம் நட்டக்குத்தலாக நிற்கும். அவர் அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். அவர் சிரித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "முக்காலி வந்துட்டு போனான்னு அம்மா கைல சொல்லிடும்மா" என்றார். கேலியாகச் சொல்லவில்லை. சொந்தப் பெயரைச் சொன்னால் எங்களுக்குத் தெரியாது என்று நினைத்துச் சொன்னார். அது உண்மையும்கூட, எனக்குத் தெரியாது. அன்றைக்கு வந்த வெட்கம் நைனா செத்த துக்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

நாலு மாதம் கழித்து எனக்குக் கல்யாணம் நடந்தது. அரக்கோணத்தில் குவார்ட்டர்ஸ் வீடு, குழாய்த் தண்ணீர், எல்லாம் சொன்னபடி இருந்தது. சொல்லாதது ஒன்றும் இருந்தது. வகிடு எடுத்த அந்த மனிதர் சம்பளம் வாங்கிய நாளிலிருந்து பத்து நாள் குடிப்பார். மதுவிலக்கு வந்தபின்னும் குடித்தார், சாராயம் எங்கிருந்தோ வரும். குடித்துவிட்டு வந்து வராந்தாவிலேயே வாந்தி எடுத்துப் படுத்துக்கொள்வார்.

எப்படியானாலும் ஒரு எண்ணம் எனக்குத் தெம்பாக இருந்தது. நைனா கொடுத்தது பெரிய விலை, ஆனால் வாங்க நினைத்ததை வாங்கிவிட்டார், அந்தப் பொய்யை மாப்பிள்ளை வீட்டார் நம்பிவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்வேன். இரண்டு வருஷம் இப்படியே ஓட்டினேன். ஒருநாள் சாயங்காலம் அவர் வராந்தாவில் கிடந்தார், நான் வாளியும் துடைப்பமுமாகக் கழுவிக்கொண்டிருந்தேன். அவருடைய தாயார், என் அத்தை, கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பேச்சுக்குப் பேச்சு வந்து, அந்தப் பெருச்சாளி கடைசிவரை கிடைக்கவே இல்லை என்று நானாகச் சொன்னேன். ஏன் சொன்னேனோ.

"எந்தப் பெருச்சாளி?" என்றார் அத்தை. "ஜட்காவுல இருந்து எறங்கும்போதே தெரிஞ்சிபோச்சி. எங்க ஊட்டுக்காரரு அதே கால் வியாதியிலதான் போனாரு, எனக்கு அந்த நாத்தம் தெரியாதா? உங்க அப்பா காலை எடுத்துகினு கட்டிலோட கெடந்துருந்தாலும் நான் பொண்ணு பாக்க வந்துருப்பேன். காலுக்கா கல்யாணம்?"

நான் துடைப்பத்தால் தரையைத் தேய்த்தேன்.

"வர்றப்பகூட எனக்கு மனசு இல்ல. இன்னும் ரெண்டு எடம் பாக்கறதா இருந்தோம். அந்த நாத்தத்துல மூஞ்சி சுளிக்காம, சிரிச்சிகினே காபி குடுத்த பாரு, அப்பதான் முடிவு பண்ணேன். என் புள்ள எப்படி கெடந்தாலும் கூட இவதான் இருப்பான்னு."

வராந்தாவில் காற்று எங்கள் பக்கம் திரும்பியது. அத்தை புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அப்பப்பா, தாங்கல" என்று உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எனக்கு எந்த வாடையும் தெரியவில்லை. அடுத்த வாளித் தண்ணீரை ஊற்றினேன்.